ஸ்கோர்ல இல்லாத பொம்மைகள்

மக்களே, இது கொஞ்சம் பொட்டி தட்டுற மேட்டர். ஆனா பொட்டி தட்டத் தெரியாதவங்களும் படிக்கிற மாதிரிதான் எழுதப் போறேன். நடுவுல தோல்பாவைக்கூத்து வருது, கொம்பு வருது, கால் வருது, கொடைக்கானல் கூட வருது. அதனால முதல் பத்தியிலயே ஓடிப் போயிடாதீங்க :-)

மேக்ரோமீடியா டைரக்டர்னு ஒரு மென்பொருள் இருந்துச்சு. இன்னிக்குக் காலேஜ்ல படிக்கிற பசங்களுக்கு அது பேரு கூடத் தெரிஞ்சிருக்காது. ஃப்ளாஷுக்கு அண்ணன் முறை. 1985-ல மேக்கின்டாஷுக்காக வீடியோவொர்க்ஸ்ங்கிற பேர்ல பொறந்து, அப்புறம் டைரக்டர்னு பேர் மாத்திக்கிச்சு. 1990-கள்லயும் 2000-ங்களோட முன்பாதியிலயும் சிடியில வந்த பாடம், விளையாட்டு, கலைக்களஞ்சியம்னு நிறைய சமாச்சாரம் இதுல செஞ்சதுதான். 2005 டிசம்பர்ல மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கிருச்சு. 2017 பிப்ரவரி 1-ஆம் தேதியோட டைரக்டர் விற்பனை நின்னுது. 2019 ஏப்ரல் 9-ஆம் தேதி, அதைப் பிரவுசர்ல ஓட்டுற ஷாக்வேவ் பிளேயரையும் நிறுத்திட்டாங்க. கதை முடிஞ்சது.

கதை முடிஞ்ச ஒண்ணைப் பத்தி இப்ப எதுக்கு? காரணம் இருக்கு. அதுக்கு முன்னாடி டைரக்டர் எப்படி வேலை செஞ்சுதுன்னு ரெண்டு நிமிஷம்.

பேருக்கு ஏத்த மாதிரி மொத்தமும் நாடகக் கொட்டகைதான். திரையில தெரியிற இடம் மேடை. படம், எழுத்து, சத்தம், நிரல் எல்லாம் நடிகர்கள். அவங்க உக்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பேர் காஸ்ட். யார் எப்ப மேடைக்கு வரணும், எங்க நிக்கணும், எப்ப இறங்கணும்னு எழுதி வச்ச கட்டம் போட்ட தாளுக்குப் பேர் ஸ்கோர். ஸ்கோர்ல இடமிருந்து வலமா ஓடுறது காலம். மேலிருந்து கீழா இருக்கிற ஒவ்வொரு வரிசையும் ஒரு சேனல். ஒரு நடிகரைத் தூக்கி ஒரு சேனல்ல வச்சா மேடையில ஒரு ஸ்ப்ரைட் தெரியும். காஸ்ட்ல ஒரே ஒரு காக்கா படம் இருந்தாப் போதும். அஞ்சு சேனல்ல வச்சா மேடையில அஞ்சு காக்கா.

இது வரைக்கும் சுலபம். படம் போட்டு, நகர்த்தி, ஸ்கோர்ல எழுதி வச்சா அது பாட்டுக்கு ஓடும். சிக்கல் எங்க வருதுன்னா, மேடையில எத்தனை பேர் வரப் போறாங்கன்னு முன்கூட்டியே தெரியாதப்ப. ஆடுற பையன் எத்தனை குண்டு சுடுவான்? உள்ள வர்ற ஆள் எத்தனை பேர்? இதையெல்லாம் தாள்ல எழுதி வைக்க முடியாது. ஓடிக்கிட்டு இருக்கும்போதே, அந்த நிமிஷத்துல, நிரல்தான் ஸ்ப்ரைட்டை மேடைக்குக் கொண்டு வரணும். 2000-ல ஃபின்லாந்துல ஆரம்பிச்ச ஹாபோ ஹோட்டல் ஷாக்வேவ்லதான் ஓடுச்சு. யார் எந்த அறைக்குள்ள நுழைவாங்க, எந்த நாற்காலியை எங்க போடுவாங்கன்னு அதைச் செஞ்சவங்களுக்கு எப்படித் தெரியும்?

இதுக்கு டைரக்டர்ல ஒரு வழி வச்சிருந்தாங்க. பேரே அழகு: பப்பெட். டைரக்டருக்கு லிங்கோன்னு சொந்தமா ஒரு மொழி உண்டு, ஜான் ஹென்றி தாம்சன் உருவாக்கினது. அந்த லிங்கோல "இந்தச் சேனலை பப்பெட் ஆக்கு"ன்னு ஒரு வரி எழுதினா, அன்னியிலேர்ந்து அந்தச் சேனல் மேல ஸ்கோருக்கு அதிகாரம் இல்லை. கயிறு நிரலோட கைக்கு வந்துரும். எந்த நடிகர், எந்த இடம், தெரியணுமா மறையணுமா, எல்லாம் நிரல் சொல்றதுதான். "பப்பெட் வேண்டாம்"னு சொன்னா கயிறு திரும்ப ஸ்கோர் கைக்குப் போயிரும். ஸ்கோர்ல அந்த இடம் காலியா இருந்தா ஸ்ப்ரைட் மறைஞ்சிரும்.

கவனிங்க, இதுல "புதுசா ஒண்ணை உருவாக்குறது"ங்கிறதே கிடையாது. சேனல் ஏற்கெனவே இருக்கு. டைரக்டர் 6-ல 120, டைரக்டர் 7-லேர்ந்து 1000. அதுல சும்மா இருக்கிற ஒண்ணைக் கடன் வாங்கறோம், வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுக்கறோம். திருப்பிக் குடுக்காம அடுத்த காட்சிக்குத் தாவினா, பழைய காட்சியோட பொம்மை புதுக் காட்சியிலயும் பேய் மாதிரி நிக்கும். டைரக்டர் எம்எக்ஸ் 2004-ல இதையே கொஞ்சம் சீர்படுத்தி, ஒரு சேனலை நிரல் கைக்கு மாத்தி, நடிகரையும் இடத்தையும் ஒரே வரியில குடுக்கிற மாதிரி புதுக் கட்டளை சேர்த்தாங்க. அப்பவும் அடிப்படை அதேதான். கடன், திருப்பு.

இது டைரக்டரோட கண்டுபிடிப்பும் இல்லை. 1979-ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கொண்டு வந்த வீடியோ சில்லுல மொத்தம் 32 ஸ்ப்ரைட். அதுலயும் ஒரே கிடைக்கோட்டுல 4-க்கு மேல வந்தா அஞ்சாவது தெரியாது. 1982-ல வந்த கமடோர் 64-ல வெறும் 8. எட்டை வச்சுக்கிட்டு எப்படி அவ்வளவு எதிரிகளைக் காட்டினாங்க? திரையில வரி வரியா மேலேர்ந்து கீழ வரைஞ்சுக்கிட்டு வரும்போது, மேல ஒரு ஸ்ப்ரைட்டை வரைஞ்சு முடிச்ச உடனே அதையே பிடுங்கிக் கீழ வேற இடத்துல வேற உருவமா போட்டாங்க. நம்ம ஊர்ல ஒரே ஆள் முதல் காட்சியில ராஜாவா வந்துட்டு, மீசையை எடுத்துட்டு மூணாவது காட்சியில மந்திரியா வர்ற மாதிரி.

சரி, இப்ப கன்னிவாடிக்கு வருவோம். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க ஊரு திண்டுக்கல்லுக்கு மேற்கால, பழனிமலை அடிவாரம். பழைய ஜமீன் ஊரு. கம்ப்யூட்டர்னு பார்த்தா அப்பவே இந்தப் பக்கம் சில நல்ல காரியங்கள் நடந்திருக்கு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கன்னிவாடியில வேலை செஞ்சுது. 2004 அக்டோபர் 18-ஆம் தேதி, அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தமிழ்நாட்டுல மூணு கிராம வள மையங்களைத் தொடங்கி வச்சார், இஸ்ரோ செயற்கைக்கோள் இணைப்போட. திருவையாறு, தங்கச்சிமடம், மூணாவது நம்ம செம்பட்டி. விவசாயிக்குத் தேவையான தகவல் வானத்துலேர்ந்து இறங்குச்சு. ஆனா வீட்டுக்கு வீடு நெட்டுங்கிறது அப்ப கனவு. புள்ளைங்களுக்குப் பாடமோ விளையாட்டோ வேணும்னா சிடிதான்.

எங்க சித்தப்பா அப்ப ஊர்ல ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருந்தார். ரெண்டு பொட்டி, ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். அதுக்கு முன்னாடி திண்டுக்கல்ல மல்ட்டிமீடியா கோர்ஸ் படிச்சவர். சாயங்காலம் சென்டர்ல கரண்ட் இருக்கிற நேரமாப் பார்த்து, டைரக்டர்ல ஒரு விளையாட்டு செஞ்சார். தமிழ் எழுத்து கூட்டுற விளையாட்டு. நான் அப்ப ரெண்டாப்பு. தெருப் பசங்க எல்லாரும் அதுல ஆடியிருக்கோம்.

விளையாட்டு இதுதான். மேல ஒரு படம் வரும். கீழ எழுத்துத் துண்டுகள் சிதறிக் கிடக்கும். முழு எழுத்து இல்லை, துண்டு. "கொ" வேணும்னா கொம்பை இழுத்து முதல்ல வைக்கணும், அப்புறம் க, அப்புறம் கால். கூடவே ஏமாத்துறதுக்கு சம்பந்தமில்லாத துண்டுகளும் கிடக்கும். இரட்டைக்கொம்பை வச்சுட்டா "கோ" ஆயிரும், மணி அடிக்காது.

இங்கதான் முன்னாடி சொன்ன சிக்கல் வருது. ஒரு வார்த்தைக்கு எத்தனை ஸ்ப்ரைட் வேணும்? எழுத்தை எண்ணினா விடை கிடைக்காது. கன்னிவாடி: எழுத்து அஞ்சு. துண்டு? க ஒண்ணு, ன் ஒண்ணு, னி-க்கு ரெண்டு, வா-வுக்கு ரெண்டு, டி ஒண்ணு (டி-யும் டீ-யும் ஒட்டினாப்ல ஒரே உரு). ஆக ஏழு. திண்டுக்கல்: எழுத்து ஆறு, துண்டு அதே ஏழு. ஒட்டன்சத்திரம்: ஒன்பது எழுத்து, பத்து துண்டு. கொடைக்கானல்: ஆறே எழுத்து, ஆனா பத்து துண்டு! கொ மூணு, டை ரெண்டு, க் ஒண்ணு, கா ரெண்டு, ன ஒண்ணு, ல் ஒண்ணு. எண்ணிப் பாருங்க.

ஆக, எந்த வார்த்தை வரப் போகுதுன்னு தெரியாம ஸ்கோர்ல எதையும் எழுதி வைக்க முடியாது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு காட்சின்னு தனித்தனியா செஞ்சு வச்சிருந்தா ஒருத்தருக்கு ஒரு வருஷ வேலை. அதனால சித்தப்பா பப்பெட் வழியைப் பிடிச்சார்.

போன வருஷம் ஊருக்குப் போனப்ப அந்த சிடி கெடைச்சுது. கவர்ல மார்க்கர் பேனாவுல "எழுத்து"ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. சிடி ரீடர் தேடிப் பிடிச்சு, உள்ள போட்டு, கிளிக்கினேன். ஆச்சரியம், விண்டோஸ் 11-லயும் ஓடுச்சு. 32 பிட்டுல செஞ்ச பழைய டைரக்டர் கோப்புகள் பலதும் இன்னும் ஓடும். முகப்புல மயில் படம் வந்துச்சு, சித்தப்பா குரல்ல "வாங்க தம்பி, வாங்க பாப்பா" கேட்டுச்சு. அடுத்த காட்சியில துண்டுகள் விழுந்துச்சு.

ஒண்ணு கூடத் தமிழ் இல்லை. மேல கொம்பு முளைச்ச ஐரோப்பிய எழுத்தும், டாலருக்கு அண்ணன் தம்பி மாதிரி குறிகளும் கொட்டிக் கிடந்துச்சு.

பழைய ஆட்களுக்கு இது ஏன்னு சொல்லவே வேணாம். அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட் கதை. அப்ப டைரக்டருக்கு யூனிகோடே தெரியாது. 2008-ல வந்த டைரக்டர் 11-லதான் அது சேர்ந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்லாம் 8 பிட். ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உண்டான எண் மேல தமிழ் உருவத்தை ஒட்டி வச்ச ஃபான்ட். தமிழ்நாடு அரசு 1999-ல டாம், டாப்னு தரம் வகுத்துச்சு, டிஸ்கின்னு ஒண்ணு மடற்குழு ஆட்கள் வகுத்தாங்க. ஆனாலும் ஆளுக்கொரு ஃபான்ட், ஆளுக்கொரு எண் வரிசைன்னு ஓடின காலம். அந்த ஃபான்ட் கம்ப்யூட்டர்ல இருந்தாத் தமிழ் தெரியும், இல்லைன்னா இந்தக் கொத்துபரோட்டாதான். சித்தப்பா சென்டர் கம்ப்யூட்டர்ல அது இருந்துச்சு. சிடியில இல்லை. அந்தப் பொட்டி எந்தக் காயலாங்கடைக்குப் போச்சோ.

சித்தப்பாகிட்டக் கேட்டேன். "எந்த ஃபான்ட் சித்தப்பா?"

"டைப்படிக்கிற சாப்ட்வேர் ஒண்ணு வாங்கினோம்ல, அது கூட வந்ததுடா. பேரெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? விடு, உன் மருமக இப்ப போன்லயே எல்லாம் படிச்சிக்கிறா."

விட மனசு வரலை. மருமக போன்ல படிக்கிறா, சரி. அதுல எழுத்து முழுசா வந்து விழுது, தொட்டா "கொ"ன்னு ஒரு அக்கா கத்துது. கொம்பையும் காலையும் கையால நகர்த்தி ஒரு எழுத்தைக் கட்டுறது நான் தேடின வரைக்கும் எதுலயும் இல்லை. எனக்கு ஒ-வும் ஓ-வும் பிடிபட்டதே அப்படித்தான்.

அதனால கோப்பைப் பிரிச்சுப் பார்த்துருவோம்னு உக்கார்ந்தேன். இந்த மாதிரி செத்த கோப்புகளைத் தோண்டி எடுக்கிறவங்க உலகத்துல நிறைய பேர் இருக்காங்க, நல்லா இருக்கட்டும். புரொஜெக்டர்ரேஸ்னு ஒரு இலவசக் கருவி, பூட்டு போட்ட டைரக்டர் கோப்பைத் திறந்து, உள்ள இருக்கிற லிங்கோவை மறுபடி படிக்கிற மாதிரி எழுதிக் குடுக்கும். ஸ்கம்விஎம் திட்டத்துக்காரங்க டைரக்டரோட இயந்திரத்தையே மறுபடி எழுதிக்கிட்டு வர்றாங்க.

நண்பன் ஒருத்தன்கிட்ட பழைய லேப்டாப்ல டைரக்டர் இருந்துச்சு. பூட்டு எடுத்த கோப்பை அதுல திறந்தேன். முதல் காட்சியில மயில், தலைப்பு, பொத்தான், எல்லாம் ஸ்கோர்ல வரிசையா அழகா இருக்கு. விளையாட்டு நடக்கிற காட்சிக்குப் போனேன். ஸ்கோர்ல பின்னணிப் படம் ஒண்ணு, "இந்த இடத்துலயே நில்லு"ன்னு ஒரு வரி நிரல். அவ்வளவுதான். மீதி எல்லாம் வெறிச்சோடிக் கிடக்கு. காஸ்ட்லயும் எழுத்து ஒண்ணு கூட இல்லை. நடிகரையே கூட ஓடும்போதுதான் உண்டாக்கியிருக்கார்; அதுக்கும் லிங்கோல வழி இருக்கு.

அப்பத்தான் ஒரு விஷயம் உறைச்சுது. ஸ்கோர்ல எழுதினதைக் காப்பாத்துறது சுலபம். படத்தை உருவலாம், வரிசையைப் பார்த்துத் திரும்ப அடுக்கலாம். ஓடும்போது பொறக்கிற ஸ்ப்ரைட் எந்தத் தாள்லயும் தடம் விடாது. திரையை வீடியோ எடுத்தாலும் ஒரு ஆட்டம்தான் கிடைக்கும், விளையாட்டு கிடைக்காது. அது மொத்தமும் நிரலுக்குள்ளதான் உயிரோட இருக்கு.

நிரலைப் படிச்சேன். இப்படித் திரும்ப எடுக்கிற நிரல்ல, எழுதினவர் ஓரத்துல போட்ட குறிப்புகள் வராது. அதெல்லாம் கோப்பைப் பூட்டும்போதே போயிருக்கும். ஆனா பேர்கள் வரும். கைவேலைக்கு வச்ச பேர், மாறிக்கு வச்ச பேர் எல்லாம் அப்படியே இருக்கும். நம்ம ஆளு இங்கிலீஷ் எழுத்துல தமிழ்ப் பேரா வச்சிருந்தார்: "துண்டு போடு", "சேனல் எடு", "திருப்பிக் குடு", "மணி அடி". குறிப்பு போனாலும் குரல் போகலை.

"சேனல் எடு" என்ன செய்யுதுன்னா, சும்மா இருக்கிற சேனல்களோட பட்டியல்லேர்ந்து கடைசி எண்ணை உருவிக் குடுக்குது. பட்டியல் காலியா இருந்தா பூஜ்யம். "துண்டு போடு" அந்த எண்ணை பப்பெட் ஆக்கி, நடிகரைக் குடுத்து, இடம் சொல்லி, இழுத்தா நகர்ற குணத்தை அதுல ஒட்டுது. இதுல ஒரு நுணுக்கம். ஸ்கோர்ல வர்ற ஸ்ப்ரைட்டுக்கு, "நீ மேடைக்கு வந்துட்டே, தயாராகு"ன்னு டைரக்டரே ஒரு செய்தி அனுப்பும். இப்படி ஓடும்போது ஒட்டின குணத்துக்கு அந்தச் செய்தி தானா போகாது. நாமளே கூப்பிட்டு எழுப்பணும், உன் சேனல் எண் இதுன்னும் நாமளே சொல்லணும். சித்தப்பா அதுக்குன்னு "எந்திரி"ன்னு ஒரு கைவேலை எழுதி வச்சிருக்கார் :-)

பட்டியலோட எண்கள் 20-லேர்ந்து 48 வரைக்கும். இது புரியலை. அவர்கிட்ட இருந்தது டைரக்டர் 8.5, சேனல் 1000 இருக்கு. எதுக்கு 48-ல நிறுத்தணும்? 29 சேனலை வச்சுக்கிட்டு, காலியானா ஏமாத்துற துண்டைக் குறைச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணையும் கணக்கா திருப்பிக் குடுத்துக்கிட்டு, ஏன் இந்தச் சிக்கனம்?

போன்ல கேட்டேன். முதல்ல ஞாபகம் இல்லைன்னார். ரெண்டு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டார்.

"டேய், நாங்க கோர்ஸ்ல படிச்ச நோட்ஸு பழசுடா. யாரோ எழுதின புக்கு, அதோட ஜெராக்ஸோட ஜெராக்ஸு. அதுல மொத்தம் நாப்பத்தெட்டு சேனல்தான்னு போட்டிருந்துச்சு. நான் அதுக்கு மேல போய்ப் பாக்கவே இல்ல."

டைரக்டர் 5 வரைக்கும் 48 சேனல்தான். திண்டுக்கல்ல ஏதோ ஒரு மாடியில கைமாறின ஒரு ஜெராக்ஸ் நோட்டோட வயசு, ஒரு எண்ணா இந்த நிரல்ல உக்கார்ந்திருக்கு. இருந்ததோ ஆயிரம். நாப்பத்தெட்டுதான்னு நம்பினதால, எடுத்ததைத் திருப்பி வைக்கிற பழக்கம் வந்திருக்கு. நிரல்ல எங்கயும் ஒரு சேனல் கூட ஒழுகலை. நான் ஆணி புடுங்குற இடத்துல மெமரி கொட்டிக் கிடக்கு, ஒழுகல் கண்டுபிடிக்கவே தனியா ஆள் இருக்காங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல விரும்பலை.

சரி, எழுத்துக்கு என்ன வழி? ஃபான்ட் இல்லையே? நிரல்லயே விடை இருந்துச்சு. எண் பட்டியல்கள். பதினெட்டு எண் கொண்ட ஒரு பட்டியல், அது மெய் வரிசை. இன்னொரு பதினெட்டு, புள்ளி வச்சது. உகரத்துக்குப் பதினெட்டு, ஊகாரத்துக்குப் பதினெட்டு. கு, கூ, சு, சூ எல்லாம் தனித்தனி உருவாச்சே. உயிர் பன்னிரண்டு. கொம்பு, கால், விலங்கு வகையறா ஆறு. டி, டீ ரெண்டு. ஆய்தம் ஒண்ணு. கூட்டினா 93. 93 துண்டை வச்சு 247 எழுத்தையும் கட்டியிருக்கார். (1978-ல தமிழ்நாடு அரசு பெரியாரோட எழுத்துச் சீர்திருத்தத்தை ஏத்துக்கிட்டதால ணை, லை, ளை, னைக்கெல்லாம் தனித் துண்டு வேண்டியதில்லாமப் போச்சு. இல்லைன்னா இன்னும் கூடியிருக்கும்.) எண்ணோட உருவம் எனக்குத் தெரியாது. ஆனா அவர் பட்டியலை க, ங, ச, ஞ-ன்னு வாய்ப்பாட்டு வரிசையில எழுதியிருப்பார்னு ஊகிச்சேன். முதல் எண் க, ரெண்டாவது ங. அப்படி வச்சு வார்த்தைப் பட்டியலைப் படிச்சா "மயில்" வந்துச்சு, "கொய்யா" வந்துச்சு, "சிறுமலை" வந்துச்சு. ஃபான்ட் இல்லாமலே மொத்த வார்த்தையும் திரும்பி வந்துருச்சு. அரிச்சுவடி வரிசையை மாத்தாம எழுதினது எவ்வளவு பெரிய உபகாரம்!

இப்ப அதை பிரவுசர்ல ஓடுற மாதிரி ஜாவாஸ்கிரிப்ட்ல திரும்ப எழுதியிருக்கேன். இங்க ஸ்ப்ரைட் உண்டாக்குறது சப்பை மேட்டர், எத்தனை வேணும்னாலும் உண்டாக்கலாம். மல்லுக்கட்டினது யூனிகோடுதான். யூனிகோட்ல க-வுக்கு அப்புறம்தான் கொம்பு. திரையில மட்டும் முன்னாடி காட்டும். சேமிக்கிற முறைன்னு பார்த்தா அதுதான் சரி, தேடவும் வரிசைப்படுத்தவும் அதுதான் வசதி. ஆனா கொம்பைத் தனியா மேடையில போடுன்னா, பக்கத்துல எழுத்து எங்கேன்னு கேட்டு ஒரு புள்ளி வட்டத்தையும் சேர்த்து வரையுது. அஞ்சு வயசுப் புள்ளைக்கு அந்த வட்டம் என்னன்னு தெரியுமா? அதனால கொம்பு, கால், விலங்கை எல்லாம் ஃபான்ட்லேர்ந்து கோட்டு உருவமா வெட்டி எடுத்துத் தனிப் படமா வச்சேன். ரெண்டு ராத்திரி போச்சு. மருமக நேத்து "கோழி"யைக் கட்டினா. இரட்டைக்கொம்பைத் தேடி எடுத்து முன்னாடி வச்சுட்டு, "மாமா, இது ஏன் முன்னாடி போய் நிக்குது, சத்தம் பின்னாடிதானே வருது?"ன்னு கேட்டா. எனக்கு பதில் தெரியலை. போன்ல எழுத்து முழுசா வந்து விழுந்தப்ப இந்தக் கேள்வி அவளுக்கு வந்ததே இல்லை.

பப்பெட்டுங்கிற பேரைப் பார்த்ததுலேர்ந்து தோல்பாவைக்கூத்துதான் மண்டைக்குள்ள ஓடுது. வெள்ளை வேட்டித் திரை, பின்னாடி விளக்கு, ஒரே ஆள். வனவாச ராமனுக்கு ஒரு பொம்மை, பட்டாபிஷேக ராமனுக்கு வேற பொம்மை. அதே ஸ்ப்ரைட்ல நடிகரை மாத்துற மாதிரி. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் எப்ப உள்ள வருவாங்க, என்ன பேசுவாங்கங்கிறது முன்னாடி உக்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பொறுத்தது. எந்தத் தாள்லயும் கிடையாது. பொம்மையை அருங்காட்சியகத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பாதுகாக்கலாம், அது காஸ்ட் மட்டும்தான். லிங்கோ ஆட்டுறவர் வாய்க்குள்ள இருக்கு. மு. இராமசுவாமி, அ.கா. பெருமாள் மாதிரி ஆய்வாளர்கள் போய் உக்கார்ந்து, கேட்டு, எழுதி வச்சதாலதான் அதுல கொஞ்சமாவது கைக்கு வந்துச்சு.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க வீட்லயும் மேல பரண்ல பழைய சிடி கிடக்கும். அத்தை செஞ்சதோ, வாத்தியார் செஞ்சதோ, நீங்களே காலேஜ் புராஜெக்டுக்குச் செஞ்சதோ. சிடிக்கு ஆயுசு கம்மி, முதல்ல அப்படியே ஒரு நகல் எடுத்து வையுங்க. பழைய கம்ப்யூட்டர் இன்னும் உயிரோட இருந்தா ஃபான்ட் கோப்பையும் சேர்த்து எடுங்க. பூட்டாத மூலக்கோப்பு இருந்தா அதைத்தான் முதல்ல எடுக்கணும், ஓரத்துக் குறிப்புகள் அதுலதான் இருக்கும். செஞ்ச ஆள் பக்கத்துல இருந்தா, ஞாபகம் இருக்கும்போதே கேட்டு எழுதி வச்சுக்குங்க. எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு நாள் ஆச்சு, ஆனாலும் வந்துச்சு.

புது நிரல்ல சேனலே கிடையாது, திருப்பிக் குடுக்கவும் ஒண்ணும் இல்லை. இருந்தாலும் துண்டை மேடையிலேர்ந்து எடுக்கிற இடத்துக்கு "திருப்பிக் குடு"ன்னே பேர் வச்சிருக்கேன். பக்கத்துல ஒரு குறிப்பும் எழுதியிருக்கேன், நாப்பத்தெட்டு ஏன்னு.